ஜெனரேட்டர் ஷெட்டில் மாமன் பெட்டி

மகள் கல்யாணத்தை வீட்டிலேயே வைப்பது என்று முடிவு செய்தது நான்தான். என் வீட்டுக்காரர் மேல் பழி போட வழியில்லை. அவர் சேலத்தில் நல்ல மண்டபம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "ஏசி இருக்குது, லிஃப்ட் இருக்குது, நூறு கார் நிக்கும். அப்புறம் என்னத்துக்கு ஊட்டுல போட்டு இடிச்சுக்கோணும்?" என்று கேட்டார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆளாக ஏறி, மூன்று வண்டிக்கு முதலாளியானவர். தேவை இருந்தால்தான் தோண்டுவார். நான் அந்த ரகம் இல்லை.

அவருடைய கூட்டாளி ஒருவர் தன் மகள் கல்யாணத்தை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் வைத்தார். அந்த வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டபத்துல எல்லாம் இப்ப யாருங்க வெக்கறாங்க?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். அந்த ஒரு வாக்கியம் மூன்று மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு மண்டபத்துக்குப் போவதா என்று வீம்பு வந்துவிட்டது. ஊசியைப் பார்த்துச் சல்லடை கேலி செய்ததாம் என்பார்கள். என்னிடம் இருந்த ஓட்டை அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து கல்யாண ஏற்பாடு செய்து தரும் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தீம் ஐவரியும் பீச்சும் வைக்கலாம் ஆன்ட்டி" என்றாள். ஐவரி தெரியும், தந்தத்தின் நிறம். பீச் எப்படி இருக்கும் என்று கேட்டேன். செல்போனில் காட்டினாள். அரைப்பழமாக அறுத்த பப்பாளியின் நிறம். அழகாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து வேறு எந்த நிறத்தைப் பார்த்தாலும் எனக்குக் கண் கூசியது.

மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினோம். மரவள்ளி பிடுங்கிய காட்டைச் சமன்படுத்திக் கார் நிறுத்த இடம் செய்தோம். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டு, அதன்மேல் பூ நிரப்பி, போட்டோ எடுக்கும் இடமாக்கினார்கள். தென்னை மரங்களுக்கு இடுப்பளவில் ஐவரித் துணி சுற்றினார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மரத்துக்கெல்லாம் கோமணம் கட்டியாச்சு. இனிமேல் நமக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்தப் பெண் நேரப் பட்டியல் ஒன்று வைத்திருந்தாள். அதில் முதல் நாள் மாலை நாலரை மணிக்கு 'தாய்மாமன் வருகை' என்று இருந்தது. ஏழு நிமிடம். பாட்டு, பூமழை, மேலே ட்ரோன். "அங்கிள் என்னென்ன கொண்டு வருவார்? போட்டோ இருந்தால் அனுப்புங்கள், செட்டோடு பொருந்துமா என்று பார்க்க வேண்டும்" என்றாள்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர். மூத்தவள் அக்கா, வாழப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அடுத்தது அண்ணன். கடைசி நான். அண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். புது லாரியின் நெற்றியில் தாமரை, மயில், சாமி பேர், முதலாளியின் பிள்ளைகள் பேர் எல்லாம் எழுதுகிறவர். இன்றைக்கும் அவருக்காக வண்டிகள் வரிசையில் நிற்கும். நான் கல்லூரியில் படித்தபோது அண்ணன் ஆர்ட்டிஸ்ட் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் எதில் வரைகிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு அண்ணன் சீர் கொண்டு வந்தது என் கண் முன்னால் வந்தது. ஒன்பது எவர்சில்வர் தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, பிஸ்கட் பாக்கெட், தேங்காய், மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் தாள். அன்றைக்கு அக்கா பூரித்துப்போய்விட்டாள். "என்ற தம்பி செஞ்சுட்டான்" என்று தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அதே தட்டுகள் என் ஐவரிப் பந்தலுக்குள் வருவதை நினைத்தேன். பெங்களூர்ப் பெண்ணிடம், "அதையும் நீங்களே செய்துவிடுங்கள். அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தால் போதும்" என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அது முறை. நானும் வீட்டுக்காரரும் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு நாமக்கல் போனோம். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் ஐவரியும் பீச்சும்தான், ஓரத்தில் பூங்கொடி. பிறகு அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலர் எவ்வளவு மெதுவா இருக்குது பாரு" என்று அண்ணியிடம் காட்டினார்.

காபி குடித்து முடித்ததும் நான் சொன்னேன். "அண்ணா, சீர்த் தட்டெல்லாம் நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோமுங்க. நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். வந்து எடுத்துட்டு நடந்தாப் போதும்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணன் பத்திரிகையின் ஓரத்தைத் தடவினார்.

"தட்டு நீ வெச்சுக்கோ சாமி, பரவால்ல," என்றார். "பெட்டி ஒண்ணு நான் கொண்டாறேன். மாமன் வெறுங்கையோட வரக்கூடாதல்லோ."

பெட்டி என்றால் ஒரு சூட்கேஸாக இருக்கும், ஓரமாக வைத்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது காரில் என் வீட்டுக்காரர், "நீ பண்றது எனக்குச் சரியாப் படல" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்குப் பின்வாசலிலிருந்து போன் வந்தது. குட்டி யானை வண்டி ஒன்று முன்வாசலுக்கு வந்ததாம், காவலுக்கு நின்றவர்கள் சாமான் வண்டி என்று பின்பக்கம் அனுப்பிவிட்டார்களாம், அதில் வந்தவர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று சொல்கிறாராம். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அண்ணனும் அண்ணியும் வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தார்கள். பின்வாசலுக்கு அனுப்பியதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் தார்ப்பாயை விலக்கினார். நாலடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி. பட்டறைத் தச்சர்கள் செய்தது, மூலைக்கு மூலை பித்தளை. உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, மஞ்சள் பார்டர், முன்பக்கம் எதிரெதிராக இரண்டு மயில், நடுவில் தாமரை. மூடிமேல் நிழல் வைத்த கொழுத்த எழுத்தில் 'மாமன் சீர்'. கீழ் ஓரத்தில், எல்லா லாரியிலும் போடுவதுபோல, சின்னதாக அவர் கையெழுத்து. வெயிலில் அது பளபளத்தது. அண்ணன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்ண்ணா, லாரியாட்டமே இருக்குது" என்றேன்.

நான் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் அந்தப் பெங்களூர்ப் பெண் வந்து நின்றிருந்தாள். அவள் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் பார்ப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இது இப்ப உள்ள வேண்டாமுங்ண்ணா. போட்டோக்கு ஒத்து வராது. அப்புறமா நானே எடுத்து வெக்கறேன்."

அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். "அப்படியா சாமி," என்றார். தார்ப்பாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "செரி. எங்க வெக்கட்டும்?" என்று கேட்டார்.

ஜெனரேட்டர் ஷெட்டைக் காட்டினேன். அவரும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். டீசல் டின்களைத் தள்ளிவிட்டு, கீழே இரண்டு செங்கல் கொடுத்து, கரையான் ஏறாமல் வைத்தார்.

நாலரை மணிக்கு மாமன் வந்தார். தோளில் பீச் நிறச் சால்வை. பின்னால் இருபத்தொரு தட்டு, அவர் அதுவரை கண்ணால் பார்த்திராத தட்டுகள். வெள்ளிக் கிண்ணங்களில் அத்தி, பாதாம், வெளிநாட்டு சாக்லேட், ரோஜா இதழுக்குள் வைத்த பட்டுச்சேலை. பூமழை கொட்டியது. ட்ரோன் அவர் தலைக்கு மேல் இறங்கியபோது ஒரு கணம் குனிந்தார், அப்புறம் சொன்னபடியே நிமிர்ந்து சிரித்தார். மைக்கில் "தாய்மாமன் சீர்!" என்று கூவினார்கள்.

கூட்டம் அசந்துபோயிற்று. "பரவால்லயே, பெயின்டுக்காரர் ஒரு குறை வெக்கல பாருங்க" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. சம்பந்தி வீட்டு அம்மா அண்ணனிடம் வந்து, "தட்டெல்லாம் எங்கீங்க வாங்குனீங்க? என்ற தம்பிக்குச் சொல்லலாம்" என்று கேட்டார். அண்ணன் என்னைத் தேடிப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு டப்பா பெயின்டுக்குக்கூடப் பொய்க் கணக்குச் சொல்லாத மனுஷர். "அதெல்லாம் தங்கச்சிக்குத்தானுங்க தெரியும்" என்றார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அந்த அம்மா இன்னும் மெச்சினார்.

அக்கா மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து மெச்சவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். வெள்ளிக் கிண்ணம் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "என்ற மவளுக்கு ஒம்போது எவர்சில்வர் தட்டு வந்துச்சு. நானும் அதைத் தலைல வெச்சுக் கூத்தாடுனேன்" என்றாள். "போக்கா, நீ ஒருத்தி" என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். அந்த இடத்தில், அந்த நிமிடம், ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் காலை முகூர்த்தத்தில் மகள் நெற்றியில் அண்ணன் பட்டம் கட்டினார். எங்கள் முறையில் அது தாய்மாமன் மட்டும் செய்ய வேண்டியது. அதை யாரும் வாடகைக்கு ஏற்பாடு செய்ய முடியாது. கட்டிவிட்டு அவள் தலையில் கை வைத்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கு நினைவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஜெனரேட்டர் சர்வீஸுக்கு வந்த மெக்கானிக், "அம்மா, உள்ள ஒரு பெட்டி இருக்குதுங்க, நகத்தட்டுமா?" என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் தனியாகப் போனேன். அண்ணன் சாவியை மஞ்சள் நூலில் கோர்த்துக் கைப்பிடியில் கட்டியிருந்தார்.

திறந்தேன். உள்பக்கம் முழுக்க ஐவரி. மூடியின் உட்புறத்தில் எங்கள் பத்திரிகையில் இருந்த அதே பூங்கொடி, இலைக்கு இலை, வளைவுக்கு வளைவு, கையால் வரைந்தது. உள்ளே மடித்து வைத்த பட்டுச்சேலை அரைப்பழப் பப்பாளியின் நிறம். மாப்பிள்ளைக்கு ஐவரியில் வேட்டி, சட்டை. அதே நிறத்தில் கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் மேலே நான் கொடுத்த பத்திரிகை. அதன் மூலையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கட்டைவிரல் ரேகை.

டீசல் வாடைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி, நிறம் ஒத்துப்போகிறதா என்று வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். என் பந்தலில் இருந்த எந்த பீச் நிறமும் பத்திரிகையோடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை. அவர் நிறத்தோடு வாழ்கிறவர். நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

அடுத்த நாளே நாமக்கல் போனேன். அண்ணன் பட்டறையில் இருந்தார். அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

"வெளிய செவப்பும் மஞ்சளும் மங்களமா இருக்கட்டும், உள்ளுக்கு அவங்க கலரே இருக்கட்டும்னு ஒரு மாசம் பண்ணுனாரு அம்மிணி," என்றார். "அது போவட்டும். உங்க அக்கா பேசறதில்ல, தெரியுமா? பணக்காரத் தங்கச்சிக்கு வெள்ளி, எனக்கு எவர்சில்வரான்னு போன்ல கேட்டுட்டு வெச்சவங்கதான். இவரு கூப்பிட்டா எடுக்கறதில்ல. நாங்க வெச்ச சீரே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னேன். மாட்டேங்கறாரு."

அண்ணன் வந்ததும் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "நான் அக்காகிட்டப் போயி உள்ளதைச் சொல்லிடறேனுங்ண்ணா. நாளைக்கே போறேன்."

"வேண்டாஞ் சாமி," என்றார். "அக்காகிட்டச் சொன்னா நாலு பேருக்குப் போகும். தாய்மாமன் சீரைக் காசு குடுத்து வெச்சாங்கன்னு உன்ற சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? பொண்ணு பொழைக்கற ஊடு. அக்கா என்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா. கூடப்பொறந்தவ கோவம் எத்தனை நாளைக்கு?"

நான் சரி என்றேன். அண்ணன் சொல்லைத் தட்டக்கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜம் அதுவல்ல. அவர் 'வேண்டாம்' என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்மேல் அருவருப்பு வருகிறது. அவருடைய பெட்டியை நான் ஒதுக்கியது புத்தி கெட்டுச் செய்தது. இது தெரிந்தே செய்தது.

எட்டு மாதம் கழித்து அக்காவின் இளைய மகளுக்கு வாழப்பாடியில் கல்யாணம். அக்கா என் வீட்டுக்கு நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தாள். அண்ணன் வீட்டுக்கு அவள் போகவில்லை. கூரியரில் அனுப்பியிருந்தாள். தாய்மாமனுக்குக் கூரியரில் பத்திரிகை போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் சீர் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனாலும் அவர் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. அண்ணி வரவில்லை.

என்னை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அண்ணன் எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார். பையின் வாய் விரிந்து உள்ளே சேலையின் கரை கொஞ்சம் தெரிந்தது.

சடங்கு நடத்திய அருமைக்காரர், "பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்க, பட்டம் கட்டோணும்" என்று கூப்பிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். கை தானாகப் போயிருக்க வேண்டும். பாதி எழுந்துவிட்டார். அதற்குள் அக்கா மேடையிலிருந்து எங்கள் பெரியப்பா மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவன் ஏறினான். அருமைக்காரர் ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார், பிறகு பட்டத்தை அவன் கையில் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார்.

மேடையிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். மூக்குத்தி தெரியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேளம் கொட்டினார்கள், எல்லாரோடும் சேர்ந்து நானும் அட்சதை போட்டேன்.

என் நாற்காலிக்கும் அந்த மேடைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.